உலைக்கதவுக்கும் தொட்டிக்கும் இடையே

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் நடுவே இன்று கடைத்தொகுதியாக இயங்கும் பழைய ரயில் பட்டறைக்குள் செல்லும் நம்மவர்களில் பலர், அதன் உயர்ந்த கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதையாவது இடிக்காமல் விட்டார்களே" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கும் அந்த நிறைவு உண்டு. எந்திரங்கள் போய்விட்டாலும் சுவரும் கூரையும் நிற்பதால், இங்கே ஒரு காலத்தில் ரயில்வேயின் வேலை நடந்தது என்று ஒரு குழந்தைக்குக் காட்டிச் சொல்ல முடிகிறது. ஆனால் எஃகை வெப்பத்தால் பதப்படுத்திய ஒரு பழைய ஆலையை இப்படிக் கூட்டை மட்டும் வைத்துக் காப்பாற்ற முடியாது. அங்கே கட்டடம் வேறு, உலை வேறு என்று பிரிப்பதற்கில்லை. சுவர், கூரை, தரைக்கு அடியில் தோண்டிய குழி, கிரேன் ஓடும் தண்டவாளம், எண்ணெய்த் தொட்டி ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் ஒரே கருவியாக வேலை செய்தன. அந்தக் கருவியின் அளவுகளைத் தீர்மானித்தது விநாடிக் கணக்கு.

எஃகு என்பது இரும்பில் சிறிதளவு கார்பன் சேர்ந்த உலோகம். பெரும்பாலான எஃகு வகைகளில் அந்தக் கார்பன் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. சாதாரண நிலையில் ஒருவிதமாக அடுக்கப்பட்டிருக்கும் இரும்பணுக்கள், 727 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடேறும்போது வேறுவிதமாக அடுக்கிக்கொள்ளத் தொடங்குகின்றன. அந்தப் புதிய அடுக்கில் கார்பன் அணுக்களுக்குத் தாராளமாக இடம் கிடைப்பதால், அவை இரும்புக்குள் கரைந்து பரவிவிடுகின்றன. இந்த நிலைக்கு ஆஸ்டெனைட் என்று பெயர். இதை உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டால் கார்பன் பழையபடி விலகித் தனித் தகடுகளாகப் பிரிந்துவிடும், எஃகும் மென்மையாகிவிடும். மாறாக, சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் விலகுவதற்கு நேரமில்லாமல் கார்பன் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அப்போது எஃகு கண்ணாடியைப் போலக் கடினமாகவும், கண்ணாடியைப் போலவே எளிதில் உடையக்கூடியதாகவும் ஆகிறது. இதுவே மார்ட்டென்சைட். அதை மறுபடியும் 200 டிகிரிக்கு மேல் அளவாகச் சூடாக்கினால், கடினத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, உடையாத உறுதியைப் பெறுகிறது. முக்கி எடுப்பதை நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்பார்கள். இரண்டாவது சூட்டை இங்கே பதமிறக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

"சட்டென்று" என்ற சொல்லுக்கு எவ்வளவு நேரம் என்பது நெடுங்காலம் அனுபவத்தால் மட்டுமே தெரிந்திருந்தது. 1930இல் அமெரிக்காவில் டேவன்போர்ட், பெய்ன் என்னும் இரு ஆய்வாளர்கள் அதை அளந்து வரைபடமாகவே காட்டினார்கள். நூற்றுக்கு 0.8 அளவு கார்பன் உள்ள சாதாரண எஃகு, 540 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு விநாடி தங்கினாலே மென்மையான நிலைக்கு மாறத் தொடங்கிவிடுகிறது. அந்த இடத்தை ஒரு விநாடிக்குள் கடந்து கீழே இறங்கினால்தான் முழுக் கடினமும் கிடைக்கும். தொட்டிக்குள் நடப்பது இது. தொட்டியை அடைவதற்கு முன் வேறொரு நேரக்கணக்கும் இருக்கிறது. உலைக்கதவு திறந்த கணத்திலிருந்து எஃகு வெளிக்காற்றில் வெப்பத்தை இழந்துகொண்டே வருகிறது. பருத்த தண்டு நிமிடக்கணக்கில் தாங்கும். மெல்லிய கத்தியோ சில விநாடிகளில் கைவிட்டுவிடும். ஆகவே மெல்லிய கருவிகளைப் பதப்படுத்திய பட்டறையில், குறடு பிடித்த ஆள் உலையிலிருந்து திரும்பினால் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கனமான பொருள்களைப் பதப்படுத்திய ஆலையில் தொட்டி சற்றுத் தள்ளி இருக்கலாம், ஆனால் கிரேன் பாதையில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது. பழைய ஆலையொன்றின் தரைப்படத்தைப் பார்த்து, அங்கே எந்த அளவுப் பொருள் வேலைக்கு வந்தது என்று ஊகிப்பதற்கு, உலைக்கதவுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட நல்ல சான்று வேறில்லை என்பது என் கருத்து.

அடுத்தது வெளிச்சம். வெப்பத்தை அளக்கும் கருவிகள் வருவதற்கு முன், எஃகின் நிறமே அளவுகோல். மங்கிய சிவப்பு என்றால் 700 டிகிரிக்குப் பக்கம், செர்ரிப் பழச் சிவப்பு என்றால் 750 முதல் 800 வரை, ஆரஞ்சு என்றால் 900க்கு மேல், மஞ்சள் என்றால் 1100 என்ற கணக்கு உலகெங்கும் உலைக்காரர்களிடம் இருந்தது. ஒரே துண்டு நண்பகல் வெயிலில் கறுப்பாகத் தெரியும், இருட்டில் சிவப்பாக ஒளிரும். அதனால்தான் தோய்ச்சல் நடந்த பகுதியில் சன்னல்கள் குறைவு. இருந்தவற்றையும் கரியோ சுண்ணாம்போ பூசி மறைத்தார்கள். பதமிறக்கத்துக்கோ நேர்மாறான தேவை. தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகை மெல்லச் சூடாக்கும்போது அதன் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து, 220 டிகிரியை ஒட்டி இளவைக்கோல் நிறமும், 260 அளவில் பழுப்பும், 280இல் ஊதாவும், 300ஐ நெருங்கும்போது நீலமும் காட்டும். கடைசல் கருவிக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும், உளிக்கு ஊதாவில், வில்லுக்கு நீலத்தில். இந்த நிறங்கள் தாமாக ஒளிர்வதில்லை; பகல் வெளிச்சம் பட்டுத்தான் தெரிகின்றன. ஆகவே ஒரே கூரையின் கீழ் இருண்ட முனை ஒன்றும் வெளிச்சமான முனை ஒன்றும் தேவைப்பட்டன. கட்டடத்தைப் பார்வையிட வருபவர்கள், ஒரு பக்கச் சன்னல்கள் ஏன் அடைக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்டுவிட்டு, பின்னாளில் யாரோ செய்த கோளாறு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பல இடங்களில் அந்த அடைப்பே தொழிலின் தடயம்.

இதோடு சேர்ந்த ஒரு சிறு செய்தி. ஐரோப்பாவில் ரம்பப்பல் போன்ற கூரை அமைத்த ஆலைகளில் கண்ணாடி வடக்கு நோக்கி இருக்கும், ஏனென்றால் வெயில் நேரடியாக விழாத நிதானமான வெளிச்சம் அங்கே வடக்கிலிருந்து வருகிறது. நம் நாட்டில் சூரியன் வடபக்கம் சாய்ந்து செல்வதால் அதே கூரையைத் தெற்கு நோக்கித் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது.

நிறத்தைக் கண்ணால் பார்த்த அறிவு அறிவியலாக மாறிய கதையில் பீரங்கி ஆலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஒபுகோவ் எஃகாலையில், ஒரே எஃகில் வார்த்த பீரங்கிகளில் சில நன்றாக இருக்க, சில வெடித்துப் போவது ஏன் என்று ஆராய்ந்த செர்னோவ், குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையைத் தாண்டாமல் எவ்வளவு வேகமாக ஆறவைத்தாலும் எஃகு கடினமாகாது என்பதை 1868இல் வெளிப்படுத்தினார். அவரிடம் வெப்பமானி இல்லை, நிறம் மட்டுமே இருந்தது. 1880களில் பிரான்சின் லெ ஷாத்தெலியே, பிளாட்டினம் கம்பி ஒன்றையும் பிளாட்டினமும் ரோடியமும் கலந்த கம்பி ஒன்றையும் முனையில் இணைத்து, அந்த முனை சூடாகும்போது எழும் மின்னழுத்தத்தால் வெப்பத்தை அளக்க வழி செய்தார். தெர்மோகப்பிள் எனப்படும் அந்தக் கருவி வந்த பிறகு உலைச்சுவரில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் தோன்றின, அவற்றிலிருந்து கம்பிகள் ஓடிச் சேரும் சிறிய கண்ணாடி அறை ஒன்றும் ஆலையின் ஓரத்தில் முளைத்தது. உலை முன் நின்றவனின் கண்ணிலிருந்த அதிகாரம், அறைக்குள் உட்கார்ந்து காகிதச் சுருளில் கோடு விழுவதைப் பார்த்தவனுக்கு மாறியது இப்படித்தான். அந்தக் கண்ணாடி அறை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதாக இருந்தாலும் இடிக்கத்தக்கதல்ல.

இனி உலைகள். மிகப் பழைய வகை செங்கல் பெட்டி உலை. ஒரு பக்கத்தில் நிலக்கரி எரியும் தட்டு இருக்கும். நடுவில் குட்டையான ஒரு சுவர். சுவருக்கு அப்பால் எஃகு கிடக்கும் தளம். தீ நேராக எஃகின்மேல் பாயாமல், குட்டைச் சுவரைத் தாண்டி வளைந்து, மேல் வளைவில் மோதித் திரும்பி வரும். புகை தளத்துக்கு அடியிலுள்ள செங்கல் சுரங்கத்தில் இறங்கி, தரைக்கடியிலேயே ஓடி, கட்டடத்துக்கு வெளியே நிற்கும் புகைபோக்கியை அடையும். உலைகள் அகற்றப்பட்ட ஆலையில்கூடத் தரையைத் தோண்டினால் இந்தச் சுரங்கங்கள் கிடைக்கும், எந்த உலை எங்கே நின்றது என்பதை அவற்றைக் கொண்டே வரைந்துவிடலாம். உள்பக்கம் தீச்செங்கல், அதற்குப் பின்னால் சாதாரணச் செங்கல், வெளியே வார்ப்பிரும்புத் தகடு. மேல் வளைவு தன் கனத்தால் பக்கச் சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், இருபக்கமும் செங்குத்தான இரும்புத் தூண்கள் நிறுத்தி, அவற்றின் தலைகளை நீண்ட கம்பிகளால் பிணைத்து, நட்டு முடுக்கியிருப்பார்கள். உலை சூடேறச் சூடேற நட்டைத் தளர்த்துவதும், ஆற ஆற முடுக்குவதும் அனுபவசாலி ஒருவரின் வேலை. ஆலை மூடப்பட்ட பின் பழைய இரும்புக்காக அந்தத் தூண்களைக் கழற்றி விற்றுவிட்டால், நூறு ஆண்டு நின்ற வளைவு சில நாள்களில் சரிந்துவிடும். பார்ப்பவர்களுக்கு அது தானாக இடிந்ததுபோல் தோன்றும்.

இத்தகைய கனமான செங்கல் உலை சூடாவதற்கே ஒரு நாளாவது எடுக்கும். எனவே அதை இரவு முழுதும் அணையாமல் காத்தார்கள், அதற்காக இரவு ஷிப்ட் வைத்தார்கள். பெரிய பொருள்களுக்கு அடித்தளமே தண்டவாளத்தில் ஓடும் வண்டியாக அமைந்த உலை வந்தது. வண்டியை வெளியே இழுத்து, கிரேனால் ஏற்றி, உள்ளே தள்ளிக் கதவை இறக்குவார்கள். வண்டியின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் தீ கசியாமலிருக்க மணல் நிரம்பிய பள்ளம் ஒன்று ஓடும். கூரிய கருவிகளுக்கு உருகிய உப்பு நிரம்பிய உலை. அதில் காற்றுப் படாததால் எஃகின் மேற்பரப்பு கெடாது. 1906இல் காப்புரிமை பெற்ற நைக்ரோம் கம்பி, நீண்ட நேரம் செந்தணலாக இருந்தும் எளிதில் அரிக்காமல் தாங்கியதால், மின்சார உலைகள் பரவின. மின்சாரம் வந்த இடத்தில் புகைபோக்கிக்கு வேலையில்லை. புதிய உலைகளைக் கட்டடத்தின் எந்த மூலையிலும் வைக்க முடிந்தது.

நீண்ட தண்டுகளுக்கும் பீரங்கிக் குழல்களுக்கும் இவை எவையும் உதவாது. செந்நிறமாகச் சூடேறிய நீண்ட எஃகைப் படுக்கவைத்தால் தன் கனத்தாலேயே வளையும். படுக்கையாக முக்கினால் ஒரு பக்கம் முதலில் ஆறி முறுக்கிக்கொள்ளும். ஆகவே அதைத் தொங்கவிட்டே சூடாக்க வேண்டும், தொங்கவிட்டே முக்க வேண்டும். பத்து மீட்டர் நீளத் தண்டு என்றால் தரைக்கடியில் பத்து மீட்டருக்கு மேல் ஆழமான குழி உலை, பக்கத்தில் அதே ஆழத்தில் தொட்டி, தண்டு முழுதும் தரைக்கு மேல் எழும்பி நகரும் அளவுக்கு உயரத்தில் கிரேன், அதற்கும் மேலே கூரை. வெளியிலிருந்து பார்த்தால் காரணமில்லாமல் கோபுரம்போல உயர்ந்து நிற்கும் ஒரு கொட்டகை தெரியும். அதன் உயரத்துக்கு ஏறத்தாழ இணையான ஆழம் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கிறது. குழிகளை நிரப்பித் தரையைச் சமமாக்கிவிட்ட பிறகு அந்த உயரத்துக்கு எந்தப் பொருளும் இல்லாமல் போகிறது.

தொட்டியில் இருந்தது எப்போதும் தண்ணீர் அன்று. தண்ணீர் மிக வேகமாக ஆறவைப்பதால் சிக்கலான வடிவங்கள் வெடித்துவிடும், எண்ணெய் சற்று நிதானமானது. கடுகின வித்தெண்ணெயும் திமிங்கில எண்ணெயும் ஒரு காலத்தில் இதற்குப் பயன்பட்டன, பின்னர் கனிம எண்ணெய் அவற்றின் இடத்தைப் பிடித்தது. 1908 முதல் 1975 வரை திமிங்கில வேட்டை நிலையத்தைக் கொண்டிருந்த டர்பன் பிளஃப் பகுதிக்கு அருகில் வளர்ந்தவர்களுக்கு, அந்த எண்ணெய் காய்ந்தால் என்ன நாற்றம் எழும் என்று சொல்லத் தேவையில்லை. செந்தணல் எஃகு எண்ணெயைத் தொடும்போது குபுகுபுவென்று புகை எழும், சில நேரம் தீயே மேலெழும். கூரை உச்சியில் நீளவாக்கில் எழுப்பிய இரண்டாவது சிறு கூரையும் அதன் பக்கவாட்டுச் சாய்தகடுகளும் அந்தப் புகை வெளியேறுவதற்காக ஏற்பட்டவை.

தென்னாப்பிரிக்காவில் இந்தத் தொழிலை வளர்த்தவை சுரங்கங்கள். 1910களின் தொடக்கத்தில் ஃபெரீனிகிங்கில் பழைய இரும்பை உருக்கி எஃகு செய்யும் ஆலை எழுந்தது. 1928இல் சட்டத்தின் மூலம் இஸ்கோர் என்னும் அரசு எஃகு நிறுவனம் உருவாக்கப்பட்டு, 1934இல் பிரிட்டோரியாவில் அதன் எஃகு உற்பத்தி தொடங்கியது. அதற்குத் தலைமை வகித்த வான் டெர் பைல், 1923இல் அமைந்த மின்சார நிறுவனமான எஸ்காமுக்கும் தலைவராக இருந்தவர். எஃகும் மின்சாரமும் ஒரே கையில் இருந்தது, மின் உலைகள் இந்நாட்டில் வேரூன்றியதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. ஆனால் இங்குள்ள வெப்பப் பதப்படுத்தலின் தனித்தன்மை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், சுரங்கக் கயிற்றைத்தான் சொல்வேன். விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் சில 3 கிலோமீட்டருக்கும் கீழே செல்கின்றன. அவற்றில் ஆளையும் பாறையையும் தூக்கும் எஃகுக் கயிறு தன் கனத்தையே தாங்க வேண்டும். அந்தக் கம்பியை 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, 500 டிகிரிக்குச் சற்று மேல் உருகிய நிலையிலிருக்கும் ஈயத்துக்குள் செலுத்தி எடுக்கிறார்கள். 1854இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஹார்ஸ்ஃபால் காப்புரிமை பெற்ற முறை இது. இதில் மார்ட்டென்சைட் உருவாவதில்லை. மிக நுண்ணிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்து, மெல்லிய கம்பியாக இழுத்தாலும் அறாத வலிமை கிடைக்கிறது. பல கம்பிகள் இணையாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதால், இந்த ஆலைக்கு உயரம் தேவையில்லை, நீளம்தான் தேவை. பீரங்கி ஆலையைக் கோபுரம் என்றால் கயிற்றாலையை நெடுந்தெரு என்று சொல்லலாம்.

இந்தக் கட்டடங்களுக்குள் நம்மவர் யார், எங்கே நின்றார்கள்? நேட்டால் கரும்பாலைகளின் கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடித்த என் தாத்தா, வெட்டுக்கத்திகளுக்கும் உளிகளுக்கும் தோய்ச்சல் கொடுக்கக் கற்றிருந்தார். என் அப்பா சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் பிடித்து, ஜேக்கப்ஸ் தொழிற்பகுதியில் ஓர் ஆலையின் பதப்படுத்தும் பிரிவுக்குச் சென்றுவந்தார். 1922ஆம் ஆண்டின் தொழிற்பயிலுநர் சட்டம் தோல் நிறத்தைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை என்றாலும், அதன் கல்வித் தகுதி விதியும் வெள்ளைத் தொழிற்சங்கங்களின் பிடியும் சேர்ந்து, வெள்ளையரல்லாத பெரும்பாலோருக்குக் கைவினைஞர் என்ற சான்று கிடைக்காமல் செய்தன. அப்பா சம்பளப் புத்தகத்தில் இறுதிவரை கூலியாள்தான். கருவி காட்டிய எண்ணோடு அவர் கண் ஒத்துப்போகாத நாளில், மேற்பார்வையாளர் கருவியைச் சரிபார்க்கச் சொல்வாராம். அதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் தெரிந்த பெருமையை நான் மறக்கவில்லை. "செர்ரிச் சிவப்பு" என்று அவர் சொன்னதில்லை. செர்ரிப் பழத்தை அவர் எங்கே கண்டார்? "கோவைப்பழம்" என்பார்.

இனி, எஞ்சியிருப்பதைக் காப்பது பற்றி. 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம், 60 ஆண்டுகளைக் கடந்த எந்தக் கட்டுமானத்தையும் மாகாண மரபு ஆணையத்தின் அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ கூடாது என்கிறது. குவாசூலு-நேட்டாலில் அந்தப் பொறுப்பு அமாஃபாவிடம் இருக்கிறது. பலரும் கவனிக்காத ஒன்று, கட்டுமானம் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் நிலத்தோடு பொருத்திய சாதனங்களும் அவற்றைச் சார்ந்த கருவிகளும் அடங்கும் என்பது. அதன்படி உலையும், தொட்டியும், கிரேன் பாதையும் சுவரைப் போலவே காப்புக்கு உரியவை. விண்ணப்பங்களில் முகப்பையும் கூரையையும் பற்றி மட்டும் எழுதுவது பெரும் குறை என்றே கருதுகிறேன். உலையைத் தனியே பிடுங்கி வைப்பதும் பயனில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், இரும்புக் கட்டைகளைக் கரித்தூளோடு அடைத்து நாள்கணக்கில் சுட்டு எஃகாக்கிய கூம்பு வடிவ உலை ஒன்று நிற்கிறது. 1848இல் கட்டி, 1951இல் கடைசியாக எரிந்த அது அரிய சின்னம்தான். ஆனால் அதைச் சுற்றியிருந்த வேலைத்தளம் இல்லாததால், விளக்கப் பலகையைப் படிக்காதவருக்கு அது என்னவென்றே விளங்காது.

தடைகளும் உண்மையானவை. குருமானிலும் பெங்கேயிலும் ஆஸ்பெஸ்டாஸ் தோண்டிய நாடு இது. 2008இல் தடை வரும்வரை உலைக்கதவின் விளிம்புக் கயிறு, கையுறை, கூரைத் தகடு எல்லாவற்றிலும் அது இருந்தது. உப்பு உலைகள் நின்ற தரையில் சயனைடு ஊறியிருக்கலாம், கயிற்றாலையில் ஈயம். எனவே முறையான சோதனை நடக்காமல் யாரும் உள்ளே போய்த் துடைப்பம் எடுக்கக் கூடாது. சில இடங்களில் அகற்றுவதைத் தவிர வேறு வழியே இருக்காது. அப்படி அகற்ற நேர்ந்தால், அதற்கு முன் தரையின் மட்டம், குழிகளின் ஆழம், கதவின் அகலம், தொட்டியின் இடம், அடைத்த சன்னல்கள், புகைச் சுரங்கங்களின் போக்கு ஆகியவற்றை அளந்து வரைந்துவிட வேண்டும். அங்கே வேலை செய்தவர்கள் இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

அப்பா வேலை செய்த கொட்டகை இப்போது இல்லை, அந்த இடத்தில் சரக்குக் கிடங்கு நிற்கிறது. அவர் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் வீட்டு முற்றத்தில் சுண்ணாம்புக் கட்டியால் உலையை ஒரு பெட்டியாகவும் தொட்டியை ஒரு வட்டமாகவும் வரைந்து, குறடு பிடித்ததுபோல் கைகளை நீட்டிக்கொண்டு நடந்து காட்டினார். நான்கு அடி எடுத்துவைத்து, இடப்பக்கம் திரும்பி, கைகளை இறக்கினார். முற்றத்தில் அந்த நான்கு அடிகளை நான் நாடா வைத்து அளந்தேன்: 2.6 மீட்டர்.